நடந்த களைப்பில் அளந்த கால்களை மறுபடி அளக்கக் கோரி

அனுப்புநர்:
கோ. ரகுபதி (வயது 49),
ஐஸ் உடைக்கும் தொழிலாளி, காசிமேடு மீன்பிடித் துறைமுகம்.
இருப்பு: திருவொற்றியூர் குப்பம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
வடகரை விளையாட்டு வீரர் மறுபயிற்சி மற்றும் அளவீட்டு மையம்,
மாதவரம், சென்னை.

பொருள்: வாலிபால் வீராங்கனையான என் மகள் ர. கீர்த்தியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, 2.9.2025 அன்று எடுத்த குதிப்பு அளவை வைத்து "பயிற்சியைப் பின்பற்றவில்லை, ஆர்வம் குறைவு" என்று எழுதியதை நீக்கவும், நவம்பர் மாதத் தேர்வுக்கு முன் அவளை மறுபடி ஒருமுறை அளக்கவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. மையத்தின் தகுதி அறிக்கை, நாள் 4.9.2025.
2. நான் நேரில் வந்து சொன்னது (சிரித்துக்கொண்டே சொன்னதால் எவரும் எழுதிக்கொள்ளவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். முதலில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் போனேன். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு நாலே வரியில் முடித்துக் கொடுத்தார். அதில் என் மகளும் இல்லை, அவள் காலும் இல்லை. "மனுதாரர்" என்று ஒருத்தர் மட்டும் இருந்தார். அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாததால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் கணக்கில் எழுதிக்கொள்ளவும். என் மகள் கணக்கில் வேண்டாம்.

2. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காசிமேட்டில் வந்து ரகுபதி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "நக்கலு" என்று கேட்டால் ஐஸ் மிஷின் பக்கம் கை காட்டுவார்கள். செத்த வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவன் நான். அது என் பிறவிக் குணம். இந்த மனுவில் எங்கேனும் விளையாட்டாக ஒரு வார்த்தை வந்து விழுந்தால், இவனுக்கு என்ன கஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். வாய் பழக்கத்தில் பேசுகிறது. அதைச் சுமந்துகொண்டு நடக்கிறவன் ஒன்றரை மாதமாகச் சிரிக்கவில்லை.

3. என் மகள் கீர்த்திக்கு இருபத்திரண்டு வயது. எண்ணூரில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் போகிற வழியில் ஒரு மைதானம் இருக்கிறது. காற்று திரும்பி அடிக்கிற நாளில் அங்கே பந்து எது, ஆளுடைய தலை எது என்று தெரியாது. அங்கேதான் வாலிபால் பழகினாள். நெட்டுக்கு முன்னால் எகிறி அடிக்கிற இடம் அவளுடையது. அவள் எகிறுவதைப் பார்த்து நான் வைத்த பெயர் "ஸ்பிரிங்கு". குப்பத்தில் பாதிப் பேருக்கு அவள் நிஜப் பெயர் தெரியாது.

போன வருடம் அக்டோபரில் ஒரு போட்டியில் எகிறி அடித்துவிட்டு இறங்கும்போது, எதிர் அணிப் பெண்ணின் பாதம் இவள் காலுக்கடியில் வந்துவிட்டது. இடது முழங்கால் உள்ளுக்குள் மடிந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, உள்ள இன்னாவோ அறுந்துச்சு. சத்தம் எனக்கே கேட்டுச்சு" என்றாள். முழங்காலுக்குள் இருக்கிற ஜவ்வு அறுந்துவிட்டது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நவம்பரில் ஆபரேஷன் ஆனது.

எங்கள் வீட்டில் எதற்குக் குறை இருந்தாலும் ஐஸுக்குக் குறை இல்லை. வேலை முடிந்து வரும்போது தூக்குவாளி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவருவேன். துணியில் சுற்றி அவள் முழங்காலில் வைத்துக்கொண்டே, "கெட்டுப் போவாம இருக்கணும்ல, அதான் ஐஸ் வைக்கிறேன்" என்பேன். "போ நைனா, நான் இன்னா வஞ்சரமா" என்பாள். "வஞ்சரத்துக்கு இன்னா வெலை தெரியுமா, நீ வெறும் காரப்பொடி மீனு" என்பேன். வலியோடு சிரிப்பாள். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், அவள் அந்தக் காலை எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று அறிக்கை எழுதியவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

4. அதன்பின் தங்கள் மையத்தில் சேர்த்துக்கொண்டீர்கள். அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆஃபியா மேடம்தான் அவளுக்கு மறுபடி நடக்கவும், குந்தவும், ஒற்றைக்காலில் நிற்கவும் சொல்லிக் கொடுத்தவர். அங்கே தரையில் எடை பார்க்கிற பலகை மாதிரி ஒன்று இருக்கிறது. அதன்மேல் நின்று குதித்தால், எவ்வளவு உயரம் போனாள், எந்தக் கால் எவ்வளவு தள்ளியது, இறங்கும்போது எந்தக் கால் பயந்தது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. அடிபடுவதற்கு முந்தைய முகாமிலேயே அவளை அதில் அளந்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு நாற்பது சென்டிமீட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது முப்பத்தாறு, திரும்பி வந்து, இரண்டு காலும் சமமாகத் தள்ளினால் ஆடப் போகலாம் என்பது மையத்தின் விதி.

ஐயா, அது நல்ல விதி. "சரியாப் போச்சு, போய் ஆடு" என்று வாயால் சொல்லி அனுப்பி, அதே காலை மறுபடி அறுத்துக்கொண்டு வந்த பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அளப்பதைக் குறை சொல்ல இந்த மனு இல்லை.

இந்த ஜூலையில் அளந்தபோது முப்பத்தைந்து வந்தது. இரண்டு காலும் சமம். ஆஃபியா மேடம் வெளியே வந்து என்னிடம், "ஒரே ஒரு சென்டிமீட்டர்தான்பா பாக்கி. அடுத்த தடவை தாண்டிடுவா. யாருகிட்டயும் சொல்லி கண்ணு வச்சிடாதீங்க" என்றார். அடுத்த அளவு செப்டம்பர் கடைசி வாரம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். நான் மேடம் சொன்னதை மீறி அன்று மாலையே துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

5. என் மனைவி குணசுந்தரி திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வேளாங்கண்ணி மாதாவிடம் ஒரு வேண்டுதல் வைத்தாள். "எம் பொண்ணு மறுபடி எகிறட்டும். அந்தக் காலாலயே உன் வாசலுக்கு நட்த்திக் கூட்டினு வரேன்." நாங்கள் அம்மன் கோயில்காரர்கள்தான். ஆனால் கடலுக்குப் போகிற வீடுகளில் மாதாவுக்கு நேர்ந்துகொள்வதை எங்கள் பக்கம் எவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. வருடாவருடம் ஆகஸ்டில் ராயபுரத்திலிருந்து காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தில், நெற்றியில் திருநீறு பூசினவர்கள் எத்தனையோ பேர் போகிறார்கள்.

முப்பத்தைந்து என்று கேட்டதுமே அவளுக்கு வேண்டுதல் பலித்துவிட்டது. "ஒரு சென்டிமீட்டர்லாம் ஒரு கணக்கா? மாதா குடுத்துட்டா" என்றாள். செப்டம்பர் அளவு முடியட்டும் என்று நான் சொன்னேன். "கொடியேத்தம் ஆகஸ்டுல. செப்டம்பர்ல பாஸ் ஆனா இவ கேம்ப்புக்குப் போய்டுவா. அப்பால வேலை, கல்யாணம்னு போய்க்கினே இருக்கும். எப்பய்யா நடக்கிறது, கெழவி ஆனப்புறமா?" என்றாள். கீர்த்தியும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். "திரும்பி வந்து ஒரு மாசம் கீது நைனா. அதுக்குள்ள கால் செட் ஆய்டும்" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளை எதிர்த்துப் பேசி நான் ஜெயித்ததாக எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் இல்லை.

மையம் கொடுத்த தாளில், அனுமதி இல்லாமல் நீண்ட நடை கூடாது என்று ஒரு வரி இருந்தது. எனக்கும் என் மனைவிக்கும் அது தெரியாது. கீர்த்திக்குத் தெரியும். கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. இது எங்கள் பக்கத்துத் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

6. நடந்தோம். மாதா படம் வைத்த தள்ளுவண்டி முன்னே போகும், அதில் பாட்டு பாடும். வெயிலுக்கு முன் நடந்து, உச்சி வெயிலில் படுத்து, சாயங்காலம் மறுபடி நடக்க வேண்டும். மரக்காணம் தாண்டுவதற்குள் குணசுந்தரியின் பாதம் இரண்டும் கொப்புளம். அவள் பையையும் கீர்த்தியே தூக்கிக்கொண்டாள். "வேண்டுதல் உன்னுது, சுமை அவளுதா? நல்ல பிசினஸ்" என்றேன். "நீ வாயாலதான நடக்கிறே, உனக்கு இன்னா கொப்புளம் வரும்" என்றாள் என் மனைவி. கூட்டமே சிரித்தது. ஐயா, அதுதான் நாங்கள் மூவரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது. அதனால் எழுதினேன்.

முக்கியமான விஷயம் இது. வண்டி நிற்கிற இடத்தில் மற்றவர்கள் காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். இவள் மட்டும் ஆஃபியா மேடம் கொடுத்த ரப்பர் பட்டையை எடுத்து, மாதா வண்டியின் கம்பியில் கட்டி, காலை இழுத்து இழுத்துப் பயிற்சி செய்வாள். வண்டி ஆடும். "ஏ ஸ்பிரிங்கு, மாதா கீழ உழுந்துடப் போறாங்க" என்று எல்லாரும் கத்துவார்கள். செய்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். ராயபுரத்தில் அந்தக் கூட்டத்தில் வந்த எவரை வேண்டுமானாலும் கூப்பிட்டு விசாரிக்கலாம். இந்தப் பெண்ணைத்தான் "ஆர்வம் குறைவு" என்று எழுதியிருக்கிறது.

7. சீர்காழியில் ஒரு சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது மையத்திலிருந்து போன் வந்தது. அளக்கும் பலகையை வேறு மாவட்ட முகாமுக்கு எடுத்துப் போகிறார்களாம். அதனால் செப்டம்பர் கடைசியில் இருந்த அளவு செப்டம்பர் இரண்டாம் தேதிக்கே மாறிவிட்டது, வராதவர்கள் மார்ச் மாதச் சுற்றில் வரலாம் என்றார்கள். நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்த ஒரு மாத ஓய்வு அந்த ஒரு போனில் போய்விட்டது.

நான் உடனே, "பஸ் ஏறு" என்றேன். குணசுந்தரியும், "நீ போம்மா. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். கீர்த்தி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "பாதில பஸ் ஏறுனா அது இன்னா வேண்டுதல் நைனா? எம்மாந்தூரம் வந்தாச்சு, இனிமே இன்னா மிச்சம் கீது" என்று செருப்பில்லாத காலோடு எழுந்து முன்னால் போய்விட்டாள். தேதியைத் தள்ளிக் கேட்கலாம் என்று தங்களுக்குத் தோன்றலாம். ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் நடந்தது தெரிந்துவிடும். அதனால் சரி சார், வந்துடறேன் சார் என்று மட்டும் போனில் சொன்னாள்.

8. கொடியேற்றம் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பி வந்து, வந்த களைப்பு தீராமல் இரண்டாம் தேதி பலகைமேல் ஏறினாள். லியோனார்ட் சார்தான் அளந்தார். ராயபுரத்துப் பிள்ளை, நல்லவர், அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. கதவு திறந்திருந்ததால் நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை குதித்தாள். மூன்றாவது தடவை குதிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது.

அதன்பின் உள்ளே நடந்த பேச்சு எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"இன்னா கீர்த்தி, ரெண்டு காலும் சேந்து எறங்கிக்கீது? வெய்ட்டும் கொறஞ்சுக்கீது. எக்சர்சைஸ் பண்ணியா இல்லியா?"

"பண்ணேன் சார்."

"எங்க பண்ணே?"

"வூட்ல."

"நடுவுல வேற எதுனா பண்ணியா? ஒடம்பு சரியில்லாம எதுனா?"

"இல்ல சார்."

ஐயா, அந்தக் கடைசி "இல்ல சார்"தான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. விதியை மீறினாள் என்று மையத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்று பயந்தாள். அம்மாவைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள். லியோனார்ட் சார் பார்த்த கணக்கு தவறு என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்ட கால் மட்டும் இறங்கினால் காயம் ஆறவில்லை. இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் பிள்ளை பயிற்சி செய்யாமல் சும்மா இருந்திருக்கிறது. அப்படித்தான் எவரும் நினைப்பார்கள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று நினைக்க, அவர் வேளாங்கண்ணி ரோட்டில் எங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

9. நான்காம் தேதி அறிக்கை வந்தது. முப்பது என்று போட்டிருந்தது. அது உண்மை. அதன் கீழே "பயிற்சியைப் பின்பற்றவில்லை, ஆர்வம் குறைவு" என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை நான் மையத்துக்கு வந்தேன். இங்கேதான் என் வாய் கெடுத்தது. பயத்தில் இருந்தேன். பயம் வந்தால் எனக்கு நக்கல்தான் வரும். நாலு பேர் இருக்கிற இடத்தில், "லியோனார்டு சார், உங்க மிஷின்ல ஒரு பொத்தான் கொறையுது. வேளாங்கண்ணிக்கு நட்ந்துட்டு வந்தவங்களுக்குன்னு தனியா ஒண்ணு வைக்கச் சொல்லுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "அண்ணே, காலைலயே காமெடி பண்ணாதீங்க" என்றார். பிறகு நான் முகத்தை மாற்றிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவளே ஒண்ணும் பண்லன்னு சொல்லிட்டா. நீங்க இப்ப வேற சொல்றீங்க. நான் எதண்ணே நம்பறது? பலகை சொல்றதத்தான் நான் எழுத முடியும்" என்றார்.

"முப்பதுன்னுதான் சார் பலகை சொல்லிச்சு. மிச்சத்த யாரு சொன்னது?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மேல போய்டுச்சுண்ணே. இனிமே மார்ச்சுலதான்" என்றார்.

மார்ச்சில் அளந்து என்ன செய்வது ஐயா. ஒரு பொதுத்துறை நிறுவனம் தன் வாலிபால் அணிக்கு வேலை கொடுத்துப் பெண்களை எடுக்கிற தேர்வு இந்த நவம்பரில் நடக்கிறது. ஆடத் தகுதி என்று தங்கள் மையம் எழுதிக் கொடுத்தால்தான் மைதானத்துக்குள்ளேயே விடுவார்கள். ஜனவரியில் கீர்த்திக்கு வயது தாண்டிவிடும். அது போனால் இன்னொரு நவம்பர் அவளுக்கு இல்லை.

வேறு வழி பார்க்கலாம் என்று மாதவரம் பக்கம் ஒரு கிளப் கோச்சிடம் அழைத்துப் போனேன். அவர் இவள் பெயரைக் கேட்டதும் கைபேசியில், மையம் கோச்சுகளுக்கு அனுப்புகிற தகுதிப் பட்டியலைத் திறந்தார். படித்தார். "இண்ட்ரஸ்ட் இல்லாத பொண்ண வச்சுகினு நான் இன்னாபா பண்றது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் மகள் பக்கத்தில் நிற்கிறாள். ஆடக் கொண்டுபோன ஷூவைக்கூட அவள் பையிலிருந்து எடுக்கவில்லை. வரும்போது பேருந்தில் சீட்டு மட்டும் வாங்கினேன். கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர், என்னப்பா இன்னைக்கு அமைதி என்று கேட்டார்.

10. வீட்டு நிலைமையை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் அவசரம் என்னவென்று தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

குணசுந்தரி நாலைந்து நாள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. இப்போது போகிறாள். வாடிக்கைக்காரர்கள் பேரம் பேசினால் பதிலுக்குப் பேசாமல் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறாள். "நாந்தான்யா அவ கால எடுத்துட்டேன். டாக்டரு தெச்சுக் குடுத்தாரு, நான் நட்த்தியே பிரிச்சுட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். வேளாங்கண்ணியிலிருந்து வாங்கிவந்த எண்ணெய்ப் புட்டியின் மூடியை அவள் இன்னும் திறக்கவில்லை. மாதாவிடம் கோபமா என்று கேட்டேன். "அவங்க குடுத்தாங்க. நான் அவசரப்பட்டேன். அவங்கள இன்னா சொல்றது" என்றாள்.

கீர்த்தி அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சண்டை போட்டால் நடுவில் புகுந்து ஏதாவது பேசி இரண்டு பேரையும் சிரிக்க வைத்துவிடுவேன். அதுதானே என் வேலை. சண்டையே இல்லாத வீட்டில் நான் என்ன செய்வது. ஆஃபியா மேடம் இரண்டு தடவை போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அதற்கு மேடம், "அவளே வந்து சொன்னா நான் கூட நிக்கிறேன்பா. அவ வாயத் தொறக்காம நான் எதுவும் எழுத முடியாது" என்றார்.

11. தங்களிடம் நான் சொல்ல வந்த முக்கியமான காரியம் இனிமேல்தான் இருக்கிறது.

அந்த அறிக்கை எழுதின நாளில் அந்த வரி பொய். அது எனக்கும் தெரியும், தள்ளுவண்டியோடு வந்த கூட்டத்துக்கும் தெரியும். ஆனால் அந்த வரியைப் படித்த நாளிலிருந்து அவள் ரப்பர் பட்டையைத் தொடவில்லை. குந்தி எழுகிற பயிற்சி இல்லை. காலையில் எண்ணூருக்குப் போவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் ஐஸ் கொண்டுவந்து வைக்கிறேன், அது தூக்குவாளியிலேயே தண்ணீராகிறது. போன வாரம் பொறுக்க முடியாமல், "எழுந்து நாலு குதி குதியேண்டி" என்று கேட்டேன். "எதுக்கு நைனா? அதான் எழுதிட்டாங்களே" என்றாள்.

பயிற்சியைப் பின்பற்றவில்லை. ஆர்வம் குறைவு. அன்றைக்குப் பொய்யாக இருந்தது இன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டு வருகிறது ஐயா. நடந்த களைப்பு இதற்குள் எப்போதோ தீர்ந்திருக்கும். செப்டம்பர் நடுவில் அளந்திருந்தால் முப்பத்தாறு வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இன்றைக்கு அளந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. தாங்கள் இந்தக் காகிதத்தைப் படித்து, குறிப்பு எழுதி, கீழே அனுப்பி, அவர்கள் பதில் போட்டு, ஒரு தேதி கிடைப்பதற்குள் அந்தப் பலகை மறுபடி முப்பது என்று சொல்லும். இல்லை, அதற்கும் கீழே சொல்லும். அப்போது அது சொல்வதும் உண்மை, கீழே எழுதியதும் உண்மை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் நான் எந்த ஆபீஸுக்கும் மனு எழுத முடியாது.

12. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு.

ஒன்று, பலகை எந்த ஊரில் இருந்தாலும் சரி, நவம்பர் தேர்வுக்குள் என் மகளை மறுபடி ஒருமுறை அளக்க உத்தரவிட வேண்டும். எந்த மாவட்டத்துக்கு வரச் சொன்னாலும் கூட்டி வருகிறேன். இந்தத் தடவை பஸ்ஸில்தான் வருவோம். முப்பத்தைந்து வந்தாலும் முப்பத்தைந்து என்றே எழுதிவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு, எண்ணுக்குக் கீழே எழுதின வரியை அழித்துவிட வேண்டும். விதியை மீறி நடந்தாள், அதை மறைத்தாள் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அது நடந்தது. அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள். உழைக்காதவள் என்று மட்டும் வேண்டாம்.

இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்று விதி இருந்தால், இரண்டாவதைச் செய்யுங்கள். வேலை போனால் போகட்டும். அந்த வரி போனால் அவள் எழுந்து உட்காருவாள்.

13. போன வெள்ளிக்கிழமை, இதுவரை எழுதிய மனுவைத் தங்கள் அலுவலக ஜன்னலில் கொடுத்தபோது, வீராங்கனைக்கு வயது வந்துவிட்டதால் அவர் கையெழுத்து இல்லாமல் அளவு விவரத்தைத் திறந்து பார்க்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். கால் அவளுடையது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேனாவோடு அவள் பக்கத்தில் வைத்தேன். முழுக்கப் படித்தாள். "நான் பொய் சொன்னேன்னு நானே கையெழுத்து போட்டுக் குடுக்கணுமா நைனா? இப்ப சோம்பேறின்னு மட்டும்தான் கீது. அப்புறம் பொய்க்காரின்னும் சேரும்" என்றாள். காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கையெழுத்து வரட்டும் என்று காத்திருந்தால் நவம்பர் போய்விடும். கையெழுத்து இல்லாமல் கொடுத்தால் தங்கள் விதி இடம் தராது. எது செய்தாலும் தப்பு என்று தெரிந்துதான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். படிக்காதவன் விதி தெரியாமல் அனுப்பிவிட்டான் என்று வைத்துக்கொண்டாவது தாங்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 13.10.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்) கோ. ரகுபதி
வீராங்கனையின் தகப்பன்

வீராங்கனையின் கையொப்பம்:


(மேலே விட்டிருக்கும் இடம் அவளுக்கானது. இன்னும் போடவில்லை. தாங்கள் நேரில் கூப்பிட்டால் வருவாளா என்று தெரியாது. கூப்பிட்டுப் பாருங்கள் ஐயா.)